ஒரு பி650 மதர்போர்டின் பயாஸ்: ப்ராசசர் பக்கத்தோடு எட்டு மாதம்

மதர்போர்டு விமர்சனம் என்றால் எத்தனை எம்.2 ஸ்லாட், எத்தனை யூஎஸ்பி, ப்ராசசருக்கு மின்சாரம் கொடுக்கும் விஆர்எம் மேல் எவ்வளவு பெரிய ஹீட்சிங்க் என்று எழுதிவிட்டு, பயாஸுக்கு (கணினியைப் போட்டதும் விண்டோஸுக்கு முன்பே ஓடும், போர்டின் சொந்த அமைப்பு மென்பொருள்) ஒரு படம் போட்டு முடித்துவிடுகிறார்கள். நான் பயாஸை மட்டும், அதிலும் ப்ராசசர் சம்பந்தப்பட்ட அமைப்புகளை மட்டும் எழுதப்போகிறேன், ஏனென்றால் இந்த எட்டு மாதத்தில் இந்த போர்டு எனக்கு நல்லது செய்ததும் என் தூக்கத்தைக் கெடுத்ததும் அந்த ஒரு பக்கத்தால்தான். போர்டு நடுத்தர ரக பி650, அதில் உட்கார்ந்திருப்பது ரைசன் 7 7700எக்ஸ், மேலே ஒற்றை டவர் ஏர் கூலர், 32 ஜிபி டிடிஆர்5 ரேம். தயாரித்தவர்களின் பெயரைப் போடவில்லை. இதே மெனுக்கள் ஊர்ப்பட்ட ஏஎம்5 (ஏஎம்டியின் ப்ராசசர் சாக்கெட்) போர்டுகளில் பெயர் மட்டும் கொஞ்சம் மாறி இருக்கின்றன, அதனால் உங்களிடம் எந்த போர்டு இருந்தாலும் நான் சொல்வதில் பாதிக்கு மேல் பொருந்தும். மதிப்பெண் கேட்டால் 5க்கு 3.5.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஏஎம்டி இந்த ப்ராசசருக்குத் திறந்துவிட்டிருக்கும் அமைப்புகள் எல்லாமே இந்த பயாஸில் இருக்கின்றன, எதையும் வெட்டவில்லை. பவர் வரம்பு, வெப்ப வரம்பு, ஒவ்வொரு கோருக்கும் தனித்தனி கர்வ் ஆப்டிமைசர், எந்த கோரை அணைக்கவேண்டும் என்பது வரை எல்லாம் உண்டு. தேடும் வசதியும் இருக்கிறது. இரண்டு எழுத்து தட்டினால் போதும், அமைப்பு எந்த மூலையில் இருந்தாலும் வந்து நிற்கும். கீபோர்டில் ஓடும்போது வேகமாக இருக்கிறது, மவுஸில்தான் கொஞ்சம் இழுக்கிறது, அது எனக்குப் பெரிய விஷயமில்லை. எஃப்10 அழுத்தினால் சேமிப்பதற்கு முன் நான் எதை எதிலிருந்து எதற்கு மாற்றினேன் என்று ஒரு பட்டியல் காட்டுகிறது. இந்தப் பட்டியலுக்காகவே அரை மதிப்பெண் கூடப் போட்டேன். பல தடவை கை தவறி மாற்றிவிட்ட ஏதோ ஒன்றை அங்கேதான் பார்த்துப் பிடித்திருக்கிறேன்.

குறை என்னவென்றால், ஆட்டோ. இந்தப் பக்கத்தில் முக்கால்வாசி அமைப்புகளுக்கு எதிரே ஆட்டோ என்று இருக்கிறது, ஆனால் ஆட்டோ என்றால் இப்போது உள்ளே என்ன மதிப்பு ஓடுகிறது என்று ஒரே ஒரு இடம் தவிர எங்கேயும் காட்டாது. கீழே இருக்கும் உதவி வரியும் உதவாது. 'எஸ்விஎம் மோட்' என்ற அமைப்புக்கு நேரே 'எஸ்விஎம் மோடை இயக்க அல்லது நிறுத்த' என்ற பொருளில் ஒரே ஒரு வரி. எஸ்விஎம் என்றால் என்ன என்று தெரியாதவர்தானே அந்த வரியைப் படிக்கிறார்? (அது கணினிக்குள் இன்னொரு கணினி போல ஓடும் வர்ச்சுவல் மெஷினுக்கு வேண்டிய வசதி, பின்னால் வருகிறேன்.) பெயரையே திருப்பிச் சொல்வதற்கு ஒரு உதவிப் பகுதி எதற்கு என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

சரி, ஆரம்பத்திலிருந்து வருகிறேன். முதல் நாள் எல்லாம் மாட்டி பவர் பட்டனை அழுத்தியபோது ஃபேன் சுற்றியது, திரை மட்டும் இருட்டாகவே இருந்தது. ஏதோ தவறாக மாட்டிவிட்டோம் என்று பயந்துபோய் அணைத்து அணைத்துப் போட்டேன், அதுதான் தவறு. டிடிஆர்5 போர்டுகளில் முதல் தடவை போடும்போது ப்ராசசருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர் ரேமோடு பேசிப் பழகவேண்டும், ட்ரெயினிங் என்று சொல்வார்கள், அதற்குச் சில நிமிடங்கள்கூட ஆகும். போர்டின் ஓரத்தில் டிராம் என்ற இடத்தில் ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தால் கையை எடுத்துவிட்டுக் காத்திருங்கள், ஒவ்வொரு தடவை அணைக்கும்போதும் அந்த வேலை முதலிலிருந்து தொடங்கும்.

முதல் வாரம் பயாஸில் எதையும் தொடவில்லை. வீடியோ ரெண்டர் போட்டால் ஒரு நிமிடத்துக்குள் ப்ராசசர் 95 டிகிரிக்குப் போய் அங்கேயே நிற்கும், கூலர் ஃபேன் அறை முழுக்க இரையும். இதைப் பார்த்து கூலர் பழுது என்று முடிவு கட்ட வேண்டாம். ரைசன் 7000 வரிசையின் எக்ஸ் ரகங்களை ஏஎம்டி அப்படித்தான் வடிவமைத்திருக்கிறது. பவர் வரம்பு குறுக்கே வரும் வரை, அல்லது 95 டிகிரியைத் தொடும் வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும், இரண்டில் எது முதலில் வருகிறதோ அங்கே நிற்கும். சிப்புக்கு அதனால் ஆபத்து இல்லை. ஆனால் அந்தக் கடைசிக் கொஞ்சம் வேகத்துக்காக அது குடிக்கும் மின்சாரம் நியாயமே இல்லாத அளவு, அந்த வெப்பம் முழுக்க நான் உட்கார்ந்திருக்கும் அறைக்குள்தான் வருகிறது. அதனால் ஓவர்க்ளாக் செய்ய நான் பயாஸுக்குள் போகவில்லை, வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து வெப்பத்தைக் குறைக்கத்தான் போனேன்.

இங்கே மூன்று எண்கள் முக்கியம். பிபிடி என்பது சாக்கெட்டுக்குப் போகும் மொத்த மின்திறனின் உச்சவரம்பு, வாட்டில். டிடிசி என்பது சூடேறி நீண்ட நேரம் ஓடும்போது எடுக்கக்கூடிய மின்னோட்டம், ஆம்பியரில். இடிசி என்பது கண நேரத்துக்கு எகிறக்கூடிய மின்னோட்டம். 7700எக்ஸின் பெட்டியில் 105 வாட் டிடிபி (கூலர் சமாளிக்கவேண்டிய வெப்பத்துக்கான எண்) என்று போட்டிருக்கும், ஆனால் பிபிடி 142 வாட். ஏஎம்டி கணக்கில் டிடிபியை 1.35 ஆல் பெருக்கினால் பிபிடி வரும். 65 வாட் ஈகோ மோட் (ஏஎம்டியின் மின்சிக்கன அமைப்பு) போட்டால் அதே கணக்கில் பிபிடி 88 வாட் ஆகிவிடும். கூலர் வாங்குகிறவர்கள் டிடிபியைப் பார்த்து வாங்கிவிட்டு அப்புறம் தலையில் கைவைப்பது இந்த இடத்தில்தான்.

இந்த மூன்று எண்களை மாற்றும் பக்கம் இந்த பயாஸில் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, போர்டு நிறுவனம் தன் ஓவர்க்ளாக் பக்கத்துக்குள் வைத்திருப்பது. இன்னொன்று, அட்வான்ஸ்டு மெனுவுக்குள் போய், ஏஎம்டி ஓவர்க்ளாக்கிங் என்பதைத் திறந்து, ஒரு முழுப் பக்க எச்சரிக்கையைப் படித்து, ஏற்கிறேன் என்று அழுத்தினால் வருவது. இரண்டிலும் பிபிஓ (இந்த வரம்புகளை மாற்ற ஏஎம்டி வைத்திருக்கும் வசதி) இருக்கிறது, இரண்டிலும் பவர் வரம்பு இருக்கிறது, இரண்டிலும் கர்வ் ஆப்டிமைசர் இருக்கிறது. ஒன்றில் மாற்றினால் மற்றொன்றில் தெரியாது. நான் முதலில் ஓவர்க்ளாக் பக்கத்தில் எதையோ போட்டுப் பார்த்துவிட்டு அப்படியே விட்டிருந்தேன், அப்புறம் ஏஎம்டி பக்கத்தில் ஈகோ மோட் 65 போட்டு, விண்டோஸுக்குள் வந்து பார்த்தால் 95 டிகிரி அப்படியே. ஒரு சாயங்காலம் முழுக்க அந்தக் குழப்பத்திலேயே போனது. கடைசியில் ஏஎம்டியின் விண்டோஸ் மென்பொருளான ரைசன் மாஸ்டரைத் திறந்து பிபிடி வரம்பு எவ்வளவு என்று பார்த்தபோதுதான் புரிந்தது, கணினி முதல் பக்கத்தில் போட்டதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டில் எது வெல்லும் என்று கையேட்டில் ஒரு வார்த்தை இல்லை. உங்கள் போர்டிலும் இப்படி இரட்டை மெனு இருந்தால் ஒரு பக்கத்தை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள், மற்றதில் எல்லாவற்றையும் ஆட்டோவுக்குத் திருப்பிவிட்டு அதன் பக்கமே போகாதீர்கள்.

அலகுகளும் இரண்டு பக்கத்திலும் வேறு. போர்டு நிறுவனத்தின் பக்கத்தில் பிபிடியை வாட்டில் எழுதவேண்டும், ஏஎம்டி பக்கத்தில் மில்லிவாட்டில். அதாவது 88 வாட் வேண்டுமென்றால் அங்கே 88000 என்று அடிக்கவேண்டும். எண்ணை உள்ளிடும் பெட்டிக்குப் பக்கத்தில் அலகு எழுதப்படவில்லை. நான் 88 என்று அடித்து சேமித்தேன். விண்டோஸ் திறக்கவே பல நிமிடம் ஆனது, மவுஸ் தத்தித் தத்தி நகர்ந்தது, டாஸ்க் மேனேஜரில் வேகம் அரை ஜிகாஹெர்ட்ஸைச் சுற்றி நின்றது. கணினிக்கு எதுவும் ஆகவில்லை, திரும்ப உள்ளே போய்ச் சரிசெய்தேன், ஆனால் இவ்வளவு முக்கியமான பெட்டியில் 88 என்ற எண்ணைக் கேள்வியே கேட்காமல் ஏற்றுக்கொள்வது தவறு. குறைந்தபட்சம் இவ்வளவுக்குக் கீழே வேண்டாம் என்று ஒரு எச்சரிக்கை காட்டியிருக்கலாம்.

சரியாகப் போட்டபிறகு கிடைத்தது என்ன என்று கேட்டால், அங்கேதான் இந்த போர்டையும் இந்தச் சிப்பையும் மனதாரப் பாராட்டுகிறேன். ப்ராசசர் வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் ஆர்23இல், எல்லா கோர்களும் ஓடும் சோதனையில் முன்பு 19,400 பக்கம் வந்துகொண்டிருந்தது, 88 வாட்டில் 18,200 பக்கம் வந்தது. கிட்டத்தட்ட 6 சதவீதம் போச்சு. வெப்பம் 95இலிருந்து 70ஐ ஒட்டி இறங்கியது. ஃபேன் சத்தம் இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்கவேண்டியிருந்தது. விளையாட்டில் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை, ஏனென்றால் விளையாடும்போது இந்தச் சிப் 88 வாட்டை எட்டுவதே அபூர்வம். இதற்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு அமைப்பு. எல்லா கூலர் விளம்பரங்களையும் மூடிவைத்துவிட்டு முதலில் இதைப் போட்டுப் பாருங்கள் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஈகோ மோட் வேண்டாம், முழு வேகமும் வேண்டும், 95 மட்டும் பயமாக இருக்கிறது என்றால் அதே பிபிஓ பக்கத்தில் வெப்ப வரம்பு என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதில் 85 போட்டுவிட்டால் அதற்கு மேல் ஏறாது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை, கர்வ் ஆப்டிமைசருக்குள் போனேன்.

இது என்னவென்றால், ஒவ்வொரு வேகத்துக்கும் எவ்வளவு வோல்டேஜ் வேண்டும் என்று சிப்புக்குள் ஒரு கணக்கு இருக்கும். தொழிற்சாலையில் எல்லாச் சிப்புகளும் பிழைக்கவேண்டும் என்று கொஞ்சம் தாராளமாகவே வைத்திருப்பார்கள். உங்கள் சிப் நல்ல சிப்பாக இருந்தால் அந்தத் தாராளத்தைக் குறைக்கலாம். நெகட்டிவ் என்று தேர்ந்தெடுத்து 10, 20, 30 என்று எண் போடவேண்டும், ஒவ்வொரு எண்ணும் தோராயமாக 3 முதல் 5 மில்லிவோல்ட். வோல்டேஜ் குறைந்தால் அதே 88 வாட்டுக்குள் கூடுதல் வேகம் கிடைக்கும். எல்லா கோருக்கும் நெகட்டிவ் 30 போட்டேன், சினிபெஞ்ச் முழுதாக ஓடியது, எண்ணும் பழைய 19,400ஐத் தொட்டது, வெப்பம் ஏறவில்லை. ஒரு மணி நேரம் கனமான சோதனை ஓடியது, ஒன்றும் ஆகவில்லை. முடிந்தது என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் வந்து பார்த்தால் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகியிருந்தது. ராத்திரி எந்த வேலையும் ஓடவில்லை, சும்மாதான் இருந்தது. அடுத்த நாள் ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே திரை இருண்டு ரீஸ்டார்ட். பவர் சப்ளை மேல் சந்தேகப்பட்டேன், ரேம் மேல் சந்தேகப்பட்டேன், ரேமை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். கனமான வேலையில் நிற்கிற கணினி சும்மா இருக்கும்போது விழும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

காரணம் பிறகு புரிந்தது, இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கர்வ் ஆப்டிமைசர் பற்றிப் பேசுகிற பலர் இதை விட்டுவிடுகிறார்கள். எல்லா கோர்களும் ஓடும்போது பவர் வரம்பு தடுப்பதால் ஒவ்வொரு கோரும் 5 ஜிகாஹெர்ட்ஸைச் சுற்றித்தான் ஓடும். அந்த வேகத்துக்குக் குறைத்த வோல்டேஜ் தாராளமாகப் போதும். ஆனால் கணினி சும்மா இருக்கும்போது பின்னணியில் ஏதோ ஒரு சின்ன வேலை வரும், அதற்காக ஒரே ஒரு கோர் விழித்து, சிப் குளிர்ந்திருப்பதால் நேரே 5.4 ஜிகாஹெர்ட்ஸுக்குத் தாவும். அந்த உச்ச வேகத்தில்தான் குறைத்த வோல்டேஜ் போதாமல் போகிறது. ஈகோ மோடோடு சேர்த்துப் போட்டவர்களுக்கு இது இன்னும் நன்றாக மறைந்துகொள்ளும், கனமான சோதனை அந்த உச்ச வேகத்தின் பக்கமே போகாது. அதனால் சினிபெஞ்ச் ஓடிவிட்டது, நிலையாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஒவ்வொரு கோரையும் தனியாக ஓட்டிப் பார்க்கவேண்டும். கோர்சைக்ளர் என்று ஒரு இலவசக் கருவி அதற்காகவே இருக்கிறது, ஒரு ராத்திரி முழுக்க ஓட விட்டேன்.

எந்த கோர் விழுகிறது என்று கண்டுபிடிக்க விண்டோஸ் ஈவன்ட் வியூவரும் உதவும். அதில் வியா லாகர் (WHEA-Logger) என்ற பெயரில் 18 என்ற எண்ணோடு ஒரு பிழை பதிவாகியிருந்தால் உள்ளே ஏபிஐசி ஐடி என்று ஒரு எண் இருக்கும். எஸ்எம்டி (ஒரு கோரை இரண்டு போலக் காட்டும் வசதி) இயங்கும் இந்த மாதிரி 8 கோர் சிப்பில் அதை இரண்டால் வகுத்தால் கோர் எண் வரும். எனக்கு 4, 5 என்ற இரண்டும் மாறி மாறி வந்தன, இரண்டுமே கோர் 2. அது இந்தச் சிப்பின் மிகச் சிறந்த இரண்டு கோர்களில் ஒன்று என்று ரைசன் மாஸ்டரில் குறிபோட்டுக் காட்டியது. சிறந்த கோர்தானே அதிகம் தாங்கும் என்று நினைத்தால் தவறு. அது ஏற்கனவே குறைந்த வோல்டேஜில் அதிக வேகம் போகும்படி அமைக்கப்பட்டிருக்கும், மேலும் குறைக்க அங்கே மிச்சம் குறைவு. இப்போது சிறந்த இரண்டு கோர்களுக்கு நெகட்டிவ் 8, மற்ற ஆறுக்கும் நெகட்டிவ் 20. சினிபெஞ்ச் 19,000 பக்கம் வருகிறது. ஐந்து மாதமாக ஒரு தடவைகூட விழவில்லை.

பிபிஓ பக்கத்திலேயே ஸ்கேலர் என்றும், பூஸ்ட் வேகத்தை 200 மெகாஹெர்ட்ஸ் வரை கூட்டும் அமைப்பும் இருக்கின்றன. இரண்டையும் நான் தொடவில்லை, தொடவேண்டிய தேவையும் தெரியவில்லை.

எஸ்விஎம் பற்றி. வர்ச்சுவல் பாக்ஸ், டபிள்யூஎஸ்எல்2, ஆண்ட்ராய்டு எமுலேட்டர் இதில் எதையாவது பயன்படுத்துகிறவர்கள் இதை இயக்கியே ஆகவேண்டும். டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தில் வர்ச்சுவலைசேஷன் இயங்குகிறதா இல்லையா என்று எழுதியிருக்கும். என் போர்டில் பெட்டியிலிருந்து வரும்போது அணைந்திருந்தது, அதை வைத்திருப்பது ஓவர்க்ளாக் பக்கத்துக்குள், சிபியு அமைப்புகள் என்ற உள்மெனுவில். ஓவர்க்ளாக்குக்கும் வர்ச்சுவல் மெஷினுக்கும் என்ன சம்பந்தம்? தேடும் வசதி இல்லாவிட்டால் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன். இன்டெல்காரர்களுக்கு இதே விஷயம் விடி-எக்ஸ் அல்லது இன்டெல் வர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி என்ற பெயரில் இருக்கும்.

சி-ஸ்டேட்டை, அதாவது வேலையில்லாத கோர்களைத் தூங்கவைக்கும் வசதியை, அணைத்தால் விளையாட்டில் தடங்கல் குறையும் என்று ஒரு பேச்சு பல காலமாக உலவுகிறது. அணைத்துப் பார்த்தேன். சும்மா இருக்கும்போது குடிக்கும் மின்சாரம் கூடியது, மற்ற கோர்கள் தூங்காததால் ஒற்றைக் கோர் வேகமும் கொஞ்சம் இறங்கியது, விளையாட்டில் எதுவும் மாறவில்லை. திரும்பப் போட்டுவிட்டேன். ஆட்டோ என்று விடாமல் எனேபிள்டு என்றே வைத்திருக்கிறேன், ஆட்டோ என்றால் என்ன என்று இந்த பயாஸ் சொல்லாதவரை அப்படித்தான்.

ரேமை அதன் பெட்டியில் போட்ட வேகத்துக்கு ஏற்றும் எக்ஸ்போ அமைப்பு கண்டிப்பாகச் சொல்லவேண்டியது, அது ரேம் பக்கத்தில் இருந்தாலும் அழுத்தம் ப்ராசசர் மேல்தான் விழுகிறது. 6000 வேகத்துக்கான எக்ஸ்போவை இயக்கினால் எஸ்ஓசி வோல்டேஜ் என்று ஒன்றும் சேர்ந்து ஏறும், அது ப்ராசசருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலருக்குப் போவது. 2023இல் ரைசன் 7 7800எக்ஸ்3டி சிப்புகள் சில எரிந்துபோன செய்தி வந்தபோது பேச்சு இந்த வோல்டேஜைச் சுற்றித்தான் இருந்தது, அதன்பிறகு ஏஎம்டி புதிய பயாஸ் வழியாக 1.3 வோல்ட்டுக்கு மேல் போகாதபடி உச்சவரம்பு போட்டது. பழைய போர்டை இரண்டாம் கையாக வாங்குகிறவர்கள் எக்ஸ்போவை இயக்குவதற்கு முன்னால் பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். என் போர்டில் எஸ்ஓசி ஆட்டோவில் 1.25 எடுத்தது, கையால் 1.2 போட்டு வைத்திருக்கிறேன், ஆறு மாதமாக நன்றாக ஓடுகிறது. ஆட்டோவின் உண்மையான மதிப்பு பக்கத்திலேயே தெரிவது இந்த ஒரு அமைப்புக்கு மட்டும்தான். இங்கே காட்ட முடிகிறது என்றால் மற்ற இடங்களிலும் காட்டியிருக்க முடியும் என்றுதானே அர்த்தம்?

என் தம்பியிடம் ஐ7 13700கே இருக்கிறது, போர்டு வேறு நிறுவனத்துடையது. 'அண்ணா, இதிலும் ஈகோ மோட் இருக்கிறதா, பார்த்துச் சொல்லு' என்று கூப்பிட்டான். இன்டெலில் அந்தப் பெயரில் இல்லை, பிஎல்1, பிஎல்2 என்று இரண்டு வரம்பு. முதலாவது நீண்ட நேர ஓட்டத்துக்கு, இரண்டாவது குறுகிய நேரத்துக்கு. அந்தச் சிப்புக்கு இன்டெல் சொல்லும் எண்கள் 125 வாட், 253 வாட். அவன் போர்டில் முதல் தடவை பயாஸ் திறந்தபோதே என்ன கூலர் வைத்திருக்கிறாய் என்று ஒரு படம் காட்டிக் கேட்டிருக்கிறது, அவன் வாட்டர் கூலர் என்று அழுத்தியிருக்கிறான், அவ்வளவுதான், இரண்டு வரம்பும் 4096 வாட். அதாவது வரம்பே இல்லை. கூலரைப் பற்றிக் கேட்பது போலக் கேட்டுவிட்டு ப்ராசசரின் பவர் வரம்பை எடுத்துவிடுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. 13, 14ஆம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டாப் சிப்புகளில் அதிக வோல்டேஜால் சிப் தேய்ந்து நிலைகுலையும் பிரச்சினை வந்ததும், இன்டெல் 2024இல் 0எக்ஸ்129, அப்புறம் 0எக்ஸ்12பி என்று மைக்ரோகோட் (ப்ராசசருக்குள்ளேயே ஓடும் நிரல்) திருத்தங்கள் கொடுத்ததும், உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீட்டியதும் தெரிந்திருக்கும். அந்தத் திருத்தங்கள் பயாஸ் வழியாகத்தான் வந்தன. தம்பியின் சிப்புக்கு இதுவரை எதுவும் ஆகவில்லை. பயாஸைப் புதுப்பித்து, இன்டெல் டீஃபால்ட் செட்டிங்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து, பிஎல்2வை 180க்கு இறக்கிக் கொடுத்தேன். அவனுக்கு வித்தியாசம் தெரிந்தது சத்தத்தில் மட்டும்தான்.

இனி ஒரு மதிப்பெண் முழுதாகப் போன இடம். நான்காம் மாதம் புதிய பயாஸ் வந்தது, ப்ராசசரைத் தொடக்கிவைக்க ஏஎம்டி கொடுக்கும் அஜீசா என்ற நிரல் தொகுப்பின் புதிய பதிப்பு உள்ளே. பென்டிரைவில் போட்டு புதுப்பித்தேன், புதுப்பிப்பு தடங்கலில்லாமல் முடிந்தது. ஆனால் என் அமைப்புகள் அத்தனையும் போய்விட்டன. அதை எதிர்பார்த்துத்தான் முன்கூட்டியே ப்ரொஃபைலாகச் சேமித்து வைத்திருந்தேன். அந்த ப்ரொஃபைலைத் திறந்தால், வேறு பதிப்பில் சேமித்தது, பொருந்தாது என்று மறுத்துவிட்டது. எதிலிருந்து காப்பாற்ற ப்ரொஃபைல் இருக்கிறதோ அந்த ஒரு வேளையில் அது உதவவில்லை. மூன்று ராத்திரி சோதித்துக் கண்டுபிடித்த கோர் எண்கள் எனக்கு நினைவில் இல்லை, எழுதியும் வைக்கவில்லை. எஸ்விஎம் அணைந்துபோய் வர்ச்சுவல் மெஷின் திறக்கவில்லை. எக்ஸ்போ போய் ரேம் 4800இல் ஓடியது. 95 டிகிரி திரும்பி வந்தது.

அதைவிடப் பெரிய பயம் புதுப்பித்த உடனே வந்த கறுப்புத் திரை. எஃப்டிபிஎம் (சாவிகளைப் பாதுகாக்கும் பகுதி) அமைப்பு மாறிவிட்டது, அழிக்க ஒய் (Y) அழுத்து, வைத்துக்கொள்ள என் (N) அழுத்து, பிட்லாக்கர் (விண்டோஸின் டிரைவ் பூட்டு) இருந்தால் மீட்புச் சாவி இல்லாமல் கணினி திறக்காது என்று ஆங்கிலத்தில் நெருக்கமாக நாலு வரி. அவசரத்தில் ஒய் அழுத்திவிடுவது ரொம்பச் சுலபம். என் டிரைவ் பிட்லாக்கரில் பூட்டியிருந்தது, சாவி 48 இலக்கம், அதை எங்கே வைத்தேன் என்று அந்த நிமிடம் எனக்குத் தெரியவில்லை. என் (N) அழுத்தினேன், திறந்துகொண்டது. பயாஸ் புதுப்பிப்பதற்கு முன்னால் விண்டோஸில் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள், சாவியை வேறொரு இடத்தில் எழுதி வையுங்கள், இரண்டையும் செய்யாமல் புதுப்பிக்கவே வேண்டாம். புதிய விண்டோஸ் கணினிகள் பலவற்றில் நீங்கள் கேட்காமலே டிரைவ் பூட்டப்பட்டிருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். போர்டு நிறுவனத்தின் பதிவிறக்கப் பக்கத்தில் இதைப் பற்றி எதுவும் இல்லை, 'நிலைத்தன்மை மேம்பாடு' என்ற பொருளில் ஒரே ஒரு வரிதான் போட்டிருந்தார்கள். எந்த அமைப்பின் ஆட்டோ மதிப்பு மாறியது, எந்த மெனு இடம் மாறியது என்று எதுவும் இல்லை.

யார் வாங்கலாம் என்றால், ஒரு வாரம் மாலை நேரத்தைச் செலவழிக்கத் தயாராக இருக்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம், அமைப்புகள் அத்தனையும் இருக்கின்றன, போட்டதைப் போட்டபடி கேட்கிறது. பெட்டியைத் திறந்து மாட்டிவிட்டு பயாஸ் பக்கமே போகமாட்டேன் என்பவர்கள் 7700எக்ஸுக்குப் பதிலாக எக்ஸ் இல்லாத 7700ஐ வாங்கிவிடுங்கள், அது பெட்டியிலிருந்தே 88 வாட் வரம்போடு வருகிறது, நான் இத்தனை செய்து அடைந்த இடத்துக்கு ரொம்பப் பக்கத்தில் முதல் நாளே இருப்பீர்கள்.

இப்போது நான் செய்வது இதுதான். பயாஸுக்குள் எஃப்12 அழுத்தினால் திரையைப் படமெடுத்து பென்டிரைவில் போட்டுவிடும், பென்டிரைவ் ஃபேட்32ஆக இருக்கவேண்டும். எதை மாற்றினாலும் சேமிப்பதற்கு முன் எஃப்10 அழுத்தி அந்தப் பட்டியல் வந்ததும் ஒரு படம் எடுத்துவிடுகிறேன், தேதி போட்டு ஒரு கோப்புறையில் வைக்கிறேன். போன மாதம் இன்னொரு புதுப்பிப்பு வந்தது. ப்ரொஃபைல் மறுபடியும் மறுத்தது, ஃபோனில் அந்தப் படங்களைத் திறந்து வைத்துக்கொண்டு கால் மணி நேரத்தில் எல்லாவற்றையும் திரும்பப் போட்டுவிட்டேன்.